‘காலி’ காணவில்லை

அத்தியாயம் 3

குற்றம் நடந்த இடம் ஒரு சாஸர்.

வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக்கோடு. உள்ளே அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீரில் நகத்தளவு வெற்றுக் காகிதம் ஒன்று சுருண்டு மிதந்தது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, கத்தி இல்லை, உடைந்த ஜன்னல்கூட இல்லை. கண்டக்டருக்குப் பெருத்த ஏமாற்றமாக இருந்தது.

அவர் நிஜமாகவே பதினோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் அடிக்கும் ஜோக்கில் மயங்கிப் பயணிகள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிடுகிறார்கள் என்று புகார் மேல் புகார் போய், கடைசியில் நிர்வாகம் அவரையே இறக்கிவிட்டது. அன்று முதல் டீச்சருக்கு உதவியாளர். டீச்சர் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே கடைசி பெஞ்சில் யார் வாய் அசைகிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை வீட்டில் சும்மா கிடந்து துருப்பிடிக்க வேண்டாமென்று, சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறிய ஆரம்பித்திருந்தார்.

"இதுல என்ன டீச்சர் காணாம போச்சு? கப்பா?" என்றார் கண்டக்டர்.

"ஷ்ஷ்," என்றார் டீச்சர்.

எதிரே நின்ற பல் டாக்டர் அழுதுவிடுவார் போலிருந்தது. ஒல்லியாக, ஒட்டடைக்கோல் மாதிரி உயரமாக இருந்தார். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துப் பழகியதில், நிமிர்ந்து நின்றாலும் குனிந்தமாதிரியே இருந்தார்.

"இதுலதான் மேடம் ஊறப்போட்டேன். ஒரு டெக்கால். ஒரே ஒரு டெக்கால். பிரஷ் எடுக்க கீழ போனேன். என் கார்லதான் இருந்துச்சு. பத்து நிமிஷம்கூட ஆகல. வந்து பார்த்தா அடிக்காகிதம் இருக்கு, எழுத்து இல்ல!"

"டெக்கால்னா ஸ்டிக்கர்தான?"

கண்டக்டர் இப்படிக் கேட்டதும் அறையில் இருந்த மற்ற இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அவர் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல முறைத்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்கள்.

நடந்துகொண்டிருந்தது குட்டிக் கார்களின் கண்காட்சி. நிஜக் காரை இருபத்துநாலு மடங்கு சின்னதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி, ஒவ்வொரு திருகாணியும் பிசகாமல் செய்யப்பட்ட கார்கள். கீழே பெரிய ஹால்; அங்கே மாலை ஐந்து மணிக்கு நடுவர் வருவார். மாடியில் இந்தத் தயாரிப்பு அறை. கடைசி நேர வேலைகளுக்காக மூன்று மேசைகள். இப்போது மணி மூன்று ஐம்பது.

"ஸ்டிக்கர் வேற சார்," என்றார் டாக்டர் பொறுமையாக. "ஸ்டிக்கர உரிச்சு ஒட்டினா தோல் மாதிரி தடிப்பா நிக்கும். டெக்கால் அப்படி இல்ல. காகிதத்து மேல ரொம்ப மெல்லிசா ஒரு படலம், அதுலதான் எழுத்து. வெதுவெதுப்பான தண்ணில அரை நிமிஷம் போட்டா பசை இளகும். அப்புறம் பிரஷ்ஷால மெதுவா நகர்த்தி, காகிதத்துலேர்ந்து நழுவவிட்டு, கார் மேல ஒட்டணும். ஈரத்த ஒத்தி எடுத்துட்டா பெயின்ட்ல எழுதின மாதிரியே ஆயிடும். அதிக நேரம் ஊறினா படலம் தானா கழண்டு மிதக்கும். நான்தான் அதை மறந்துட்டு கீழ ஓடிட்டேன்."

"அப்ப மிதந்து எங்கயாவது போயிருக்கும். நீச்சல் தெரியும்ல?"

"கண்டக்டர்!" என்றார் டீச்சர். பிறகு டாக்டரிடம், "டெக்கால்ல என்ன எழுதியிருந்துச்சு?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "காலி."

"என்னது காலி?"

"அதான் எழுத்தே. ‘காலி’."

மேசைமேல் ஒரு கைக்குட்டை எதையோ மூடியிருந்தது. டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதன் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு குட்டி டாக்ஸி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பின்பக்க பம்பரில் ஒரு நெளிசல், டிரைவர் இருக்கையில் கோடுபோட்ட ஒரு துண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் தகடு, வெறுமையாக.

"இது என் மாமனார் ஓட்டின டாக்ஸி. முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினாரு. ஆள் இல்லாதப்ப முன்னாடி கண்ணாடில ‘காலி’ பலகை வைப்பாரு. சிவப்பு பெயின்ட்ல அவரே எழுதினது. ‘லி’யோட மேல்சுழி பூனை வால் மாதிரி சுருண்டிருக்கும். பழைய போட்டோவுலேர்ந்து எடுத்து, சிறுசாக்கி, அச்சுக்காரர்கிட்ட கெஞ்சி ஒண்ணு அடிச்சு வாங்கினேன். ஒண்ணு அடிச்சதும் அவர் மெஷின் மண்டையப் போட்டுடுச்சு. இனி கிடைக்காது."

"மாமனார்னா உயிரா?" என்றார் கண்டக்டர்.

பதில் கதவுப் பக்கத்திலிருந்து வந்தது.

"அவங்க ரெண்டு பேரும் பேசி ஆறு வருஷமாச்சு."

சொன்னவர் டாக்டரின் மனைவி. துப்பறிவாளர்களுக்குப் போன் போட்டதும் அவர்தான். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. சாதாரணமாகப் பேசினாலே எங்கோ ஒரு ரயில் தாமதமாகிறதோ என்று கேட்பவருக்குக் கவலை வரும் குரல்.

"கல்யாணமான மூணாவது வாரம் அப்பாவுக்குப் பல்வலி. மாப்பிள்ளையே டாக்டர், வெளிய எதுக்குன்னு இவர்கிட்ட வந்து உக்காந்தாரு. புது மாமனார்னு இவருக்குக் கை நடுக்கம். எதிர்ல நின்னு பார்த்ததுல வலது எது, இடது எதுன்னு குழம்பி..."

"பக்கத்துப் பல்ல புடுங்கிட்டேன்," என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு முடித்தார். "நல்ல பல். முன் பல்."

"வலிச்ச பல்?"

"அது இன்னமும் இருக்கு. பக்கத்துல இருந்தவனுக்கு நடந்ததைப் பார்த்து பயந்து வலிக்கறதையே நிறுத்திடுச்சுன்னு அப்பா சொல்லுவாரு. ஆனா அதை இவர்கிட்ட சொல்ல மாட்டாரு, என்கிட்டதான் சொல்லுவாரு. ஒரே மேசைல உக்காந்து சாப்பிடுவாங்க. ‘உன் வீட்டுக்காரர்கிட்ட உப்பு கேளு’ம்பாரு அப்பா. ‘உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு’ம்பாரு இவர். நடுவுல நான். ஸ்டேஷன்லயும் அறிவிப்பு, வீட்லயும் அறிவிப்பு." அவர் கார் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் காரைப் பார்த்தா அப்பா மனசு இளகும்னு இவர் எட்டு மாசம் உக்காந்து செஞ்சாரு. ஐந்து மணிக்குத் துணியை எடுக்கணும். அந்தப் பலகை இல்லன்னா அப்பா முதல்ல அதைத்தான் பார்ப்பாரு. ‘என் வண்டியையும் ஒரு பல் இல்லாம செஞ்சுட்டான்’னு எழுந்து போயிடுவாரு. எனக்கு அவரைத் தெரியும்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து சாஸர்மேல் குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"டாக்டர், நீங்க இங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இந்த மேசைலயா? ஒரு துகள் தூசி விழுந்தாலே வேலை பாழ் மேடம். தண்ணிகூட வெளிய போய்தான் குடிப்பேன்."

"அப்ப தண்ணிக்கு அடில எதுக்கு பிஸ்கட் தூள் கிடக்கு?"

கண்டக்டரும் எட்டிப் பார்த்தார். நீலக்கோட்டுக்குக் கீழே, மணல் மாதிரி நாலைந்து பழுப்புத் துகள்கள்.

"திருடன் பிஸ்கட்ட தொட்டுத் தின்னிருக்கான் டீச்சர். டீன்னு நெனச்சு ஏமாந்துட்டான்."

"பத்துக்கு ரெண்டு மார்க்," என்றார் டீச்சர். அவர் கொடுக்கும் மார்க் இரண்டைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே கண்டக்டருக்கு உற்சாகம் பிறந்தது.

மற்ற இரண்டு மேசைகளில் இருந்தவர்களை விசாரித்தார்கள். முதல் மேசையில் லாரி அக்கா. லாரிகளைத் தவிர வேறெதையும் செய்யமாட்டார் என்பதால் அந்தப் பெயர். தலையில் பட்டை கட்டி, அதில் கண்ணுக்கு முன்னால் பெரிய லென்ஸ் தொங்கவிட்டிருந்தார். அந்த லென்ஸுக்கு அரை அடி தாண்டி யானையே நடந்து போனாலும் சாம்பல் நிறப் பனியாகத்தான் தெரியும்.

"யாரோ வந்து டாக்டர் சேர்ல உக்காந்தாங்க," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "டாக்டர்தான்னு நெனச்சேன். டிங்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"என்ன மாதிரி டிங்?" என்றார் டீச்சர்.

"பீங்கான்ல சின்னதா, கெட்டியா எதையோ போட்ட மாதிரி. அப்புறம் சர்ர்ருனு உறிஞ்சற சத்தம். கொஞ்ச நேரத்துல ஆள் எழுந்து போயாச்சு. என் லாரிக்கு அப்ப பின்சக்கரம் மாட்டிட்டிருந்தேன், பதினாறு சக்கரம். நான் எதைன்னு பார்க்கறது?"

"டிங்!" என்றார் கண்டக்டர். "மோதிரம் டீச்சர். இல்ல சட்டைப் பட்டன். இல்ல சாவி. சாவியாத்தான் இருக்கும்."

"சாவியை யாராவது தண்ணில போடுவாங்களா?"

"துரு புடிச்ச சாவின்னா ஊறப்போடுவாங்க."

டீச்சர் இந்த முறை மார்க்கே போடவில்லை.

அடுத்த மேசைக்காரரைப் பார்த்ததுமே கண்டக்டருக்கு உள்ளங்கை அரித்தது. மூன்று வருஷமாகத் தொடர்ந்து முதல் பரிசு வாங்குபவர். எல்லாரும் அவரைக் கோப்பை என்றே கூப்பிட்டார்கள். அவர் மேசையில் ஒரு பந்தயக் கார், ஓரத்தில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். பிஸ்கட்! டாக்டரின் கார் ஜெயித்துவிடுமோ என்று வயிறெரிய இந்த ஊரிலேயே காரணம் உள்ள ஒரே ஆள்!

கோப்பை கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் அது தெரிந்தது. அவர் முழங்கைக்குக் கீழே, சுருக்கம் விழுந்த தோலில், பளபளவென்று சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அசையாதீங்க!" என்று கத்தியபடி கண்டக்டர் பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மாட்டினான் டீச்சர்! கையும் களவுமா! இல்ல, முழங்கையும் களவுமா!"

கோப்பை திகைத்துப்போனார். "யாருய்யா நீ? விடுய்யா கைய!"

"டிக்கெட் இல்லாம வந்தவன விட்டாலும் விடுவேன், உன்னை விட மாட்டேன். டீச்சர், படிங்க! ‘காலி’ன்னு இருக்கா பாருங்க!"

டீச்சர் பூதக்கண்ணாடியோடு வந்து முழங்கையைப் பரிசோதித்தார். டாக்டரும் அவர் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐந்து," என்றார் டீச்சர்.

"என்ன ஐந்து? மார்க்கா?"

"நம்பர் ஐந்து. பந்தயக் கார் நம்பர்."

கோப்பை தன் முழங்கையைத் தானே பார்க்க முயன்று, நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அட! இதைத்தான் காலைலேர்ந்து தேடிட்டிருக்கேன்! மேசைக்கடியிலெல்லாம் ஊர்ந்து பார்த்தேனே! தம்பி, நீ நல்லா இருக்கணும்!" கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

கண்டக்டர் அசடு வழிய அதை வாங்கிக்கொண்டார். கடித்துப் பார்த்தார். கிரீம் வைத்தது, கறுப்பு. சாஸரில் கிடந்தது பழுப்பு.

"பாவம், அவர் இல்ல," என்றார் வாய் நிறைய பிஸ்கட்டோடு. "ஆனா டீச்சர், ஒரு விஷயம் தெரிஞ்சுது. இந்த டெக்கால் நம்ம மேல ஒட்டினாலும் நமக்கே தெரியாது போல."

டீச்சர் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். "கண்டக்டர், உங்களுக்குப் பத்துக்கு ஆறு."

கண்டக்டருக்குப் பிஸ்கட் புரையேறியது.

மாடிப்படி முடியும் இடத்தில் டீ கவுண்டர். அங்கே நின்ற பெண்மணி ஏற்கெனவே கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாய்லர் கொஞ்சம் குறைவாகக் கொதித்தது.

"பழுப்பு பிஸ்கட்டா? நான்தான் குடுக்கறேன். டீயோட ரெண்டு. இன்னிக்கு யாரு யாருக்குக் குடுத்தேன்னு கேக்கறீங்களா? பெயரெல்லாம் தெரியாதுங்க. ஆனா ஒருத்தர மட்டும் மறக்க மாட்டேன். வயசானவரு. சக்கரை போடக்கூடாதுன்னு மூணு தடவ சொல்லி, எதிர்ல நின்னு பார்த்து வாங்கிட்டுப் போனாரு. கொஞ்ச நேரம் கழிச்சு காலி கப்ப கொண்டாந்து வெச்சுட்டு, ‘சக்கரை போட்டு ஏமாத்திட்டியேம்மா, வாயெல்லாம் தித்திக்குது’ன்னு சண்டை! குடிக்கும்போது தித்திக்கல, குடிச்சு முடிச்சப்புறம் தித்திக்குதாம்! எந்த ஊரு நியாயம்ங்க இது?"

"குடிக்கும்போது இனிக்கல," என்றார் டீச்சர் மெதுவாக. "குடிச்சு முடிச்சு, அப்புறம் ஒண்ண செஞ்சிருக்காரு. அதுக்கப்புறம் இனிக்குது."

"ஆமாங்க."

டீச்சர் பின்னாலேயே வந்திருந்த டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், அந்த டெக்கால் பசை எதுல செய்யறது?"

"மாவுச்சத்துலேர்ந்து எடுக்கற ஒரு பசை மேடம். பழைய தபால்தலைல தடவுவாங்களே, அது மாதிரி."

"நக்கினா இனிக்கும்," என்றார் டீச்சர். முப்பது வருஷப் பாடம் அவர் கண்ணில் மின்னியது. "அந்தப் பெரியவர் இப்ப எங்க?"

"கீழ ஹால்ல. இப்பத்தான் இன்னொரு டீ வாங்கிட்டுப் போனாரு. இந்தத் தடவ சக்கரை டப்பாவையே அவர் கைல குடுத்து, நீங்களே புடிச்சுக்கங்கன்னுட்டேன்."

டீச்சரின் முகம் மாறியது. "கண்டக்டர், ஓடுங்க! அவர் அந்த டீயைக் குடிக்கக் கூடாது!"

பதினோரு வருஷம் ஓடும் பஸ்ஸில் தொற்றியவர் அல்லவா? கண்டக்டர் நாலு நாலு படியாகத் தாவி இறங்கினார். தலைக்குள் ஒரே வார்த்தை மணியடித்தது: விஷம். கண்காட்சி, பழிவாங்கல், சர்க்கரை இல்லாத டீ. எல்லாம் பொருந்தியது. எதோடு எது பொருந்தியது என்று யோசிக்கத்தான் நேரமில்லை.

ஹாலின் நடுவில், முதல் வரிசை நாற்காலியில், சலவைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். ஒரு கையில் கப், மறு கையில் சர்க்கரை டப்பா. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"நிறுத்துங்க!"

கண்டக்டர் பறந்து வந்து கப்பைப் பிடுங்கினார். பிடுங்கியதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே கொட்டலாமென்றால் புது கம்பளம். சுற்றுமுற்றும் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு கணம் தடுமாறி, அவரே அதை மடக்கென்று குடித்துவிட்டார்.

கொதிக்கக் கொதிக்க இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, கண்டக்டர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை மார்பில் வைத்திருந்தார்.

"டீச்சர், என் சம்சாரத்துகிட்ட சொல்லிடுங்க. பீரோ சாவி அரிசி டின்னுக்குள்ள இருக்கு."

"என்ன உளர்றீங்க?"

"விஷத்த நானே குடிச்சுட்டேன்."

"விஷமா? யார் சொன்னா?"

"நீங்கதான்... குடிக்கக் கூடாதுன்னு..."

"டீ குடிக்கறதுக்கு முன்னாடி அவர் ஒண்ண கழட்டுவாரு. அதைக் கழட்டவிடாம தடுக்கத்தான் சொன்னேன், விரல் பட்டா எல்லாம் பாழ். எழுந்திருங்க. சட்டை அழுக்காகுது."

கண்டக்டர் எழுந்து, சாகாத ஒருவருக்கு உரிய வெட்கத்தோடு சட்டையைத் தட்டிக்கொண்டார். நாக்கு மட்டும் நிஜமாகவே வெந்துபோயிருந்தது.

பெரியவரோ இத்தனைக்கும் வாயைத் திறக்கவில்லை. எதிரே மருமகன் வந்து நிற்பதைப் பார்த்ததும், உதட்டை இன்னும் இறுக்கி, தபால் உறையை ஒட்டியமாதிரி மூடிக்கொண்டார். மகளைப் பார்த்து, ‘இதெல்லாம் என்ன?’ என்று புருவத்தால் கேட்டார்.

"அப்பா, மேல மாடிக்குப் போனீங்களா?" என்றார் மகள்.

தலையாட்டினார். உட்கார இடம் தேடிப் போனதாகக் கையால் காட்டினார். காலியாக ஒரு நாற்காலி இருந்தது. டீ சூடாக இருந்தது.

"சூடா ஏதாவது குடிச்சா, போன பல்லுக்குப் பதிலா மாட்டின உங்க கட்டுப்பல்லோட பிடி தளர்ந்துடும், இல்லையா ஐயா?" என்றார் டீச்சர். "அதனால கழட்டி வெச்சுட்டுக் குடிப்பீங்க. எதிர்ல ஒரு சாஸர், அதுல சுத்தமான தண்ணி. யாரோ கை கழுவ வெச்சதுன்னு நெனச்சு அதுக்குள்ள போட்டீங்க. டிங்! பல்லுல இருந்த பிஸ்கட் தூள் அதுல உதிர்ந்துச்சு. டீ முடிஞ்சதும் எடுத்து மாட்டிக்கிட்டீங்க. அப்புறம்தான் வாய் இனிச்சுது."

டாக்டர் மெல்ல மெல்ல, பலூனில் காற்று ஏறுவதுபோல நிமிர்ந்தார்.

"அப்ப என் டெக்கால்..."

"உங்க மாமனார் வாய்க்குள்ள இருக்கு."

பெரியவர் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் கெஞ்சினார். பெரியவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். தன் கைவிரலை மருமகன் பக்கம் நீட்டி, பிறகு தன் வாயைக் காட்டி, பிறகு அந்த விரலையே பலமாக ஆட்டினார். அதைப் புரிந்துகொள்ள ரயில் நிலைய அறிவிப்பாளரே தேவையில்லை. இந்த மனிதன் முன்னால் இந்த வாய் ஒருபோதும் திறக்காது.

"நான் ஒரு ஜோக் சொல்றேன்," என்று முன்வந்தார் கண்டக்டர். வெந்த நாக்கோடு சொன்னார். கடைசி வரிசை வரை சிரித்தார்கள். பெரியவரின் தோள்கள் குலுங்கின; கண்ணில் நீர் வந்தது; கை மட்டும் வாயைவிட்டு அகலவில்லை.

மணி நாலு நாற்பத்தைந்து.

"டாக்டர்," என்றார் டீச்சர், "அந்தக் காரை எடுத்துட்டு வாங்க."

"பலகை இல்லாமயா? மேடம், அதைப் பார்த்தா அவர்..."

"எடுத்துட்டு வாங்க."

டாக்டர் போனார். ஒரு தட்டில், கைக்குட்டை மூடியபடி, பச்சைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். மாமனாருக்கு முன்னால் மண்டியிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடுங்கிய அதே கை இப்போதும் நடுங்கியது. துணியை எடுத்தார்.

பெரியவர் பார்த்தார்.

பம்பர் நெளிசலைப் பார்த்தார். பால் வண்டியோடு முட்டிய நாள் அது. இருக்கையில் கோடுபோட்ட துண்டைப் பார்த்தார். பின் சீட்டில், அரைச் சுண்டுவிரல் உயரத்தில் பொம்மை ஒன்றும் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வரும் மகள் அந்த சீட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தப் பொம்மையின் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இருந்தது.

கைகள் தாமாக மடியில் விழுந்தன. பிறகு அவர் வாய், அவரைக் கேட்காமலேயே, ஆவென்று பிளந்தது.

மேல்வரிசையில், சரியாக நடுவில், வெள்ளைவெளேரென்ற கட்டுப்பல்லின் மீது, சிவப்பு எழுத்தில், பூனைவால் சுருளோடு எழுதியிருந்தது:

காலி.

முதலில் சிரித்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கோப்பை படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். லாரி அக்கா லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"பல் போன இடம் காலின்னு போர்டே வெச்சுட்டாரு!" என்றார் கண்டக்டர்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் தொழில் வந்து உட்கார்ந்திருந்தது. "மாமா, மூடிடாதீங்க. நாக்கால தொடாதீங்க. காத்து பட்டு ஓரம் காயுது, இப்பவே எடுக்கணும். இல்லேன்னா கிழிஞ்சுடும்." குரலில் நடுக்கம் போய்விட்டிருந்தது. "சாஸர், வெதுவெதுப்பான தண்ணி, அந்த மெல்லிசு பிரஷ். யாராவது வெளிச்சம் காட்டுங்க."

கண்டக்டர் டார்ச் பிடித்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். டாக்டர் மாமனாரின் முகவாயை இடக்கையால் ஏந்தி, வலக்கையைக் கொண்டுபோனார். பாதி வழியில் பெரியவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ளே," என்றார் பெரியவர். ஆறு வருஷத் துரு ஏறிய குரல். "இந்தத் தடவயாச்சும் சரியான பல்லா பார்த்து எடுங்க."

"வலது பக்கமா... உங்க வலதா, என் வலதா மாமா?"

"எழுதியிருக்குல்ல! அதைப் படிச்சுப் பார்த்து எடுங்க!"

டாக்டர் எடுத்தார். கட்டுப்பல் தண்ணீரில் இறங்கியது. இருபது எண்ணும்வரை காத்திருந்து, பிரஷ் நுனியால் ஓரத்தைத் தொட்டார். சிவப்பு எழுத்து மெல்ல அசைந்தது. பல்லைவிட்டு நழுவி, மீன்குஞ்சு போல மிதந்தது. டாக்டர் அதை பிரஷ்ஷால் ஏந்தி, கார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மஞ்சள் தகட்டுக்குக் கொண்டுபோனார். மாமனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சாச்சு வைங்க மாப்ளே, இன்னும், இன்னும், போதும்" என்று முன்பல் இல்லாத வாயோடு வழிநடத்தினார்.

ஐந்து மணிக்கு நடுவர் வந்தார். கழுத்தில் அளவுகோல், கையில் குறிப்பேடு. எல்லாக் கார்களையும் பார்த்துவிட்டு டாக்ஸியிடம் வந்தார். குனிந்தார்.

"வேலை அருமை. ஆனா பலகை கோணலா இருக்கு. அதுக்கு மார்க் குறையும்."

"யாருய்யா அது கோணல்ங்கறது?" பெரியவர் எழுந்துவிட்டார். "முப்பத்திரண்டு வருஷம் அது அப்படித்தான்யா இருந்துச்சு! நேரா வெச்சா வெயில் கண்ணுல அடிக்கும்! என் மாப்பிள்ளை கைல எட்டு மாசம் இருந்த வண்டி, நீ ரெண்டு நிமிஷத்துல குறை சொல்றியா? சொல்லுங்க மாப்ளே, நீங்க எந்த போட்டோவப் பார்த்து செஞ்சீங்கன்னு சொல்லுங்க!"

"மாமா, விடுங்க மாமா."

"எதுக்கு விடணும்? நீங்க சும்மா இருங்க!"

முதல் பரிசு கோப்பைக்கே போனது, முழங்கையிலிருந்து மீண்ட ஐந்தாம் நம்பரோடு. மாமனாரும் மருமகனும் அதைக் கவனிக்கவே இல்லை. பெரியவர் கியர் கம்பியின் நிறம் தப்பு என்றார். டாக்டர் போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது என்றார். போட்டோவில் வெயில் என்றார் பெரியவர். அடுத்து அந்த பால் வண்டிக் கதை ஆரம்பித்தது. அது முடிவதற்குள் பல்வலிக் கதை. அதற்குள் டாக்டர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் புகுந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஆறு வருஷ பாக்கியை ஒரே மாலையில் முடித்துவிடப் போகிறவர்கள் போல.

ஹால் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். டீச்சரும் கண்டக்டரும் விடைபெற வந்தபோது, டாக்டரின் மனைவி ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கார் சாவி கையில். வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இருவரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

"ரொம்ப நன்றி டீச்சர்," என்றார். பிறகு ரயில் நிலையத்தில்கூட அவர் பயன்படுத்தாத ரகசியக் குரலில், "இன்னொரு கேஸ் எடுத்துப்பீங்களா? இவங்க ரெண்டு பேர் வாயையும் ஒரு பத்து நிமிஷம் மூட வைக்கணும்."

டீச்சர் அந்த இருவரையும் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். தன் கைப்பையை மூடினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார். "தீர்க்க முடியாத கேஸை நாங்க எடுக்கறதில்ல."